உச்சவரம்புக்குள் ஒரு மோதிரம்

1

அந்த அதிகாரி காப்பியைத் தொடவே இல்லை. டம்ளரை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன். சிரித்தார், தலையை ஆட்டினார், குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். அதற்கும் சிரிப்புதான்.

"ஆயா, அவருக்குக் குடுக்கக் கூடாது. விசாரிக்க வந்த வீட்டுல எதுவும் வாங்கக் கூடாதுன்னு ரூல்ஸ்" என்றாள் நிலா. நிலா என் மகன் செந்திலின் மகள். தமிழ் புரியும், பேசுவதற்குக் கொஞ்சம் தடுமாறுவாள்.

ஒரு டம்ளர் காப்பி ஒரு மனிதரை என்ன செய்துவிடும்? ஆடை கட்டி ஆறிப்போன அந்தக் காப்பியை அப்புறம் நான் தொட்டியில் ஊற்றினேன். ஊற்றிவிட்டும் மனசு ஆறவில்லை. அன்றையிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த அடுப்பையே துடைக்கிறேன். ஜன்னலுக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

ஊரிலிருந்து நம் ஆட்கள் கேட்டிருந்தார்கள், அங்கே எப்படி இருக்கிறீர்கள், கொஞ்சம் எழுதுங்கள் என்று. நான் அரூர் பக்கத்துக்காரி. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதுவது தேவலை, எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் போன பிறகு செந்தில் என்னை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டி வந்துவிட்டான். நான் இங்கே வந்து இறங்கியதும் இதே மாசத்தில்தான். வருஷா வருஷம் இந்த மாசம் வந்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இந்த வருஷம் அதோடு இந்த மோதிர விவகாரமும் சேர்ந்துகொண்டது.

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது 'எஸ்' ஒன்றுதான். யார் என்ன சொன்னாலும் எஸ் என்று சொல்லி, சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். ஒரு தரம் கதவைத் தட்டியவருக்கு எஸ் சொல்லப்போய், புல் வெட்டுகிறவர் மிஷினோடு வந்து நின்றார். அதனால் அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததுமே செந்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "அம்மா, நீ தயவுசெஞ்சு எஸ்ஸுன்னு மட்டும் சொல்லிடாத."

2

நாங்கள் இருப்பது பெரிய நகரம் இல்லை. கரும்பும் கடலும் இருக்கிற ஒரு சின்ன ஊர். ஆனால் இந்த ஊருக்கு என்று ஒரு பந்தாட்ட டீம் இருக்கிறது. உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து. அதை இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், எதிராளிகள் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளுவார்கள். நம் கபடிக்குப் பெரியப்பன் மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அதுதான் திருவிழா. டீம் ஜெயித்தால் செந்திலின் மளிகைக்கடையில் மறுநாள் கூட்டம் இருக்கும். தோற்றால் வருகிறவர்கள்கூட உம்மென்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிறவன் சாமு. பிஜித் தீவுக்காரன். அந்த டீமில் ஆடுகிறவன். கதவு நிறைய வருவான், குரல் மட்டும் பூனை மாதிரி. அவன் பெண்டாட்டி மெரே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு இந்த ஊரில் யார் சிநேகம் என்று கேட்டால் மெரேதான். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பேச்சு தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு கிழங்கு தருவாள். நான் முருங்கைக்கீரை ஒடித்துத் தருவேன். என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள், செந்தில் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிக்கொண்டது.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பூண்டும் மிளகும் போட்டுப் பத்தியக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பிறந்த குழந்தையை முதல் தடவை பார்க்கப் போகும்போது நாம் வெறுங்கையோடு போவோமா? நம் பக்கத்தில் எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் ஒரு குழந்தை மோதிரம் கிடக்கும், எப்போது யாருக்குக் குழந்தை பிறக்குமோ என்று. நானும் அப்படி இரண்டு மூன்று மோதிரம் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். அதில் ஒன்றை அந்தக் குழந்தையின் கையில் வைத்தேன். குழந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மெரேயின் அம்மா பிஜியிலிருந்து அனுப்பிய கோரைப்பாய் ஒன்றை மெரே என் கையில் கொடுத்தாள். கொடுத்ததும் வாங்கியதும் அவ்வளவுதான்.

நிலா போனில் படம் எடுத்தாள். செந்தில் அதை வாங்கி, கடைப் பெயரில் இருக்கிற பேஸ்புக் பக்கத்தில் போட்டான். எங்கள் கடையும் எங்கள் டீமும் ஒரே குடும்பம் என்று மேலே எழுதியும் வைத்தான். நிறையப் பேர் பார்த்தார்கள். பார்க்க வேண்டாதவர்களும் பார்த்தார்கள்.

3

டீமின் ஆபீஸிலிருந்து போன் வந்த அன்று செந்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

"உன்ன யாரும்மா மோதிரம் குடுக்கச் சொன்னது?"

"கொழந்தையப் பாக்கப் போனேன், குடுத்தேன். இதுக்கு யாரு சொல்லணும்?"

"ரெண்டு டாலருக்கு ஒரு பொம்மை வாங்கிக் குடுத்திருந்தா ஆவாதா?"

"ஆயா மேல கத்தாதீங்கப்பா. போட்டோ போட்டது நீங்க" என்றாள் நிலா. அவன் தட்டை மறுபடியும் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

அப்புறம் விளக்கினான். மைதானத்தில் எங்கள் கடையின் பெயர்ப் பலகை ஒன்று இருக்கிறது. பணம் கட்டி வைத்திருக்கிறான். அதனால் அவன் டீமுக்கு விளம்பரம் கொடுக்கிற ஆள். அந்த மாதிரி ஆளோ, அவர் வீட்டு மனிதரோ ஆட்டக்காரனுக்கு ஏதாவது கொடுத்தால் அது சம்பளத்தில் சேர்ந்துவிடுமாம்.

"சம்பளத்துல சேந்தா சேரட்டுமே. என்னா கொறஞ்சிபோச்சு?"

"அதுக்கு வரம்பு இருக்குதும்மா. ஒரு டீம் எல்லா ஆட்டக்காரனுக்கும் சேத்து வருஷத்துக்கு இவ்வளவுதான் குடுக்கலாம்னு ஆட்டத்த நடத்துற சங்கம் வச்சிருக்குது. எல்லா டீமுக்கும் ஒரே அளவு. அதுக்கு மேல போனா அபராதம். ஜெயிச்ச புள்ளியையும் வெட்டுவாங்க."

"எதுக்கு அப்படி?"

"பெரிய நகரத்துக்காரன் நல்ல ஆட்டக்காரன் எல்லாரையும் வாங்கிட்டுப் போயிட்டா, நம்ம மாதிரி சின்ன ஊரு என்னா பண்ணும்? தோத்துக்கிட்டே இருக்கும். அப்புறம் யாரு டிக்கெட் எடுப்பா? டீமையே மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

"நெலத்துக்கு உச்சவரம்பு வச்சாங்களே, அந்த மாதிரியா?"

செந்தில் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஆமா. அதேதான்."

அவன் சொன்னதில் எனக்கு ஒன்று நன்றாக விளங்கியது. உச்சவரம்பு என்று ஒன்று வந்தால் பினாமியும் கூடவே வரும். நம் ஊரில் நிலத்தை மாமன் பேரிலும் மச்சினன் பேரிலும் எழுதி வைத்தார்களே. அதை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால், கடைக்காரர் அம்மா ஆட்டக்காரன் குழந்தைக்கு ஏன் தங்கம் கொடுக்கிறாள் என்று ஒருவர் கேட்பது தப்பா? நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கேட்டிருப்பேன்.

மனசுக்கு ஒப்பாதது இன்னொன்று. இந்த வருஷம் டீம் ஒரு பெரிய ஆட்டக்காரனைக் கொண்டுவந்தது. வரம்புக்குள் இருக்கிற பணத்தில் பெரிய பங்கு அவனுக்கே போய்விட்டது. மீதியில் என்ன செய்வார்கள்? புதிதாக வருகிற பையன்களுக்குச் சம்பளம் கம்மி, அவர்களை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் இருக்கிறவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒருவன் குடும்பத்தோடு இங்கிலாந்து போய்விட்டான். ஒருவன் ஆட்டத்தை விட்டு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போய்விட்டான். சாமுவை வேறு ஒரு டீம் கூப்பிட்டதாம், சம்பளமும் கூட. ஆனால் மெரேயின் ஆஸ்பத்திரி வேலை இங்கே, வயிற்றில் குழந்தை. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"இப்ப மோதிரத்தால வரம்பு தாண்டிப்போச்சுன்னு வச்சுக்கோ, டீம் யாரையாவது கழட்டி விட்டுத்தான் சரிக்கட்டணும்" என்றான் செந்தில்.

"யாரை?"

"யாரக் கழட்டுவாங்க? பெரிய ஆளையா? சாமுவத்தான்."

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் மெரே குழந்தையின் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

4

இந்தக் கதை எனக்குப் புதிது இல்லை. அதனால்தான் நிலைகொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் பொங்கல் முடிந்த கையோடு கபடி நடக்கும். சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் டீம் இறக்கும். ஒரு ஊரில் மாங்கூழ் கம்பெனி முதலாளி ஒருவர் இருந்தார். அவர் சேலத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆள் கூட்டி வந்து, காசு கொடுத்து இறக்குவார். அந்த ஊர்தான் ஜெயிக்கும். மறுவருஷமும் அந்த ஊர்தான். முதலில் வாய் பிளந்து பார்த்த சனம் அப்புறம் வருவதையே விட்டுவிட்டது. யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்த ஆட்டத்துக்கு எவன் வெயிலில் நிற்பான்? பொரிகடலைக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்குவார்.

ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். கூலிக்கு ஆடுகிற வெளியூர் ஆள் ஒரு டீமுக்கு இரண்டு பேர்தான் என்று விதி வைத்தார்கள். முன்னால் நின்று வைத்தது எங்கள் வீட்டுக்காரர். உள்ளதைச் சொல்ல வேண்டும், அடுத்த வருஷம் பொம்பளைகள்கூட ஆட்டம் பார்க்கப் போனோம். பஜ்ஜிக் கடையில் எண்ணெய் காயக் காய ஆள் நின்றது. எந்த ஊர் ஜெயிக்கும் என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் என் தம்பி மாதையன் இருந்தானே. அவன் கூலி ஆட்டக்காரன். நல்லா ஆடுவான், ஆனால் எல்லாரையும் விட நல்லா ஆடுகிறவன் இல்லை. விதி வருவதற்கு முன்னால் நாலைந்து ஊர் கூப்பிடும், அந்தக் காசில் வீடு ஓடும். விதி வந்த பிறகு எல்லா ஊரும் அந்த முதல் இரண்டு பேர் பின்னாலேயே ஓடியது. அவர்கள் கூலி ஏறிக்கொண்டே போனது. மாதையன் மூன்றாவது ஆள். மூன்றாவது ஆளை யாரும் கூப்பிடவில்லை. கம்பெனி முதலாளி மிச்சமான காசில் மைதானத்துக்கு ஒரு வளைவு கட்டி, தன் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தார்.

அந்த முதலாளிக்கு மாதையன் ஆட்டம் பிடிக்கும். நான் கூலி வாங்கவில்லை, சிநேகத்துக்கு ஆடுகிறேன் என்று மாதையன் அவர் டீமில் இறங்கினான். கூலி வாங்கினால்தானே விதி? அந்தச் சமயம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. முதலாளி ஒரு கறவை மாட்டை அனுப்பி வைத்தார், குழந்தைக்குப் பால் வேண்டும் என்று.

விதி வைத்த கமிட்டிக்காரர்கள் விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரரும்தான். நான் அப்போது குழந்தையைப் பார்க்கத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி பெண்டாட்டி சொம்பில் மோர் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சொந்த மச்சினன் வீட்டில், வெயிலில் நடந்து வந்தவர், மோரைக் கையால் தொடவில்லை.

"மாதையா, இந்த மாடு ஏது?"

"கொழந்தைக்குக் குடுத்தாங்க மாமா."

"நீ அந்த டீமுல ஆடலன்னா குடுத்திருப்பாரா?"

மாதையன் குனிந்து மாட்டுக்குப் புல்லை அள்ளிப் போட்டான். மாட்டைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் அந்த ஊர் டீமே வெளியே என்று முடிவானது. மாதையனே கயிற்றைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போனான். கொஞ்ச நாளில் பொம்மிடியில் ரயில் ஏறி பெங்களூருக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான்.

"கொழந்தைக்குப் பால் மாடுங்க அது" என்று நான் வீட்டில் அழுதேன்.

"என் மச்சினனை உட்டுட்டா, நாளைக்கு எவன் இந்த விதிய மதிப்பான்?" என்றார் அவர். அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால்தான் எனக்கு அவரோடு சண்டை போடக்கூட முடியவில்லை.

5

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மாதையனுக்கு முகம் தெரிகிற வீடியோ போன் போட்டேன். இப்போது பொம்மிடியிலேயே இருக்கிறான். முழங்கால் போய்விட்டது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்னாக்கா, மூஞ்சி வாடிக் கெடக்குது? மருமக சோறு போடலியா?"

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து இருமல் வந்துவிட்டது.

"சிரிக்காதடா."

"சிரிக்காம? எங்க மாமா செத்தும் உடல பாரு! பாஸ்போர்ட்டு இல்லாம ஆஸ்திரேலியா வரைக்கும் பின்னாலயே வந்துட்டாரு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம், இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "மாதையா, அவரு மேல உனக்கு இன்னும் கோவம் இருக்குதா?"

"எதுக்குக்கா? அதுக்கப்புறம் ஆட்டம் நல்லா இருந்துச்சு. பெங்களூருலேருந்து லீவு போட்டுட்டு வந்து பாத்திருக்கேன், உனக்குத் தெரியாது. கூட்டத்துல பின்னால நின்னு நானும் கத்தியிருக்கேன். நான் ஆடாத ஆட்டந்தான். ஆனா நல்ல ஆட்டம்."

அவன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.

"அந்த மாடுதான்க்கா" என்றான். "போற வழியெல்லாம் நின்னு நின்னு திரும்பிப் பாத்துச்சு. கண்ணுக்குட்டிய முன்னால உட்டும் நடக்க மாட்டேன்னுச்சு. பாப்பா வூட்டுல அழுவுது, எனக்குக் கேக்குது. நீ என்னாவாவது பண்ணு, அந்த மோதிரத்தத் திருப்பி மட்டும் வாங்கிடாத."

6

அதிகாரி வந்தார். சின்ன வயசுதான், மரியாதையான மனிதர். டீம் ஆபீஸிலிருந்து ஒரு அம்மாவும் வந்திருந்தார்கள். சாமு சோபாவின் ஓரத்தில் இடம் போதாமல் உட்கார்ந்திருந்தான். மெரே மடியில் குழந்தை தூங்கியது. மோதிரத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்து அதன் மணிக்கட்டில் கட்டியிருந்தாள். கேள்விகளை நிலா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"மோதிரம் யாரு காசுன்னு கேக்கிறார்."

"என் காசு. ஊர்லயே வாங்கினது. புளி வித்த காசுல."

"அப்பா குடுக்கச் சொன்னாரான்னு கேக்கிறார்."

"உங்கப்பனுக்குத் தெரிஞ்சிருந்தா பொம்மை வாங்கிக் குடுக்கச் சொல்லியிருப்பான்."

நிலா அதையும் அப்படியே சொல்லிவிட்டாள் போல. அதிகாரி செந்திலைப் பார்த்துச் சிரித்தார்.

"சாமு அங்கிள் பிளேயர் இல்லன்னா, அப்பவும் குடுத்திருப்பீங்களா?"

அந்தக் கேள்வி. அதே கேள்விதான். எங்கள் வீட்டுக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. மாதையனுக்கு அன்றைக்குப் பதில் இல்லை. எனக்கு இருந்தது.

"கொத்தனாரா இருந்தாலும் குடுத்திருப்பேன்னு சொல்லு."

"கொத்தனார்னா என்ன ஆயா?"

"செவுரு கட்டுறவங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு நிதானமாகப் பேசினார். நிலா ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள். அவர் என்னை நம்புகிறாராம். ஆனால் நம்பினேன் என்று எழுத அவருக்கு விதியில் இடம் இல்லையாம். இன்றைக்கு என்னை நம்பிவிட்டால், நாளைக்கு ஒரு பணக்கார டீமின் முதலாளியம்மா ஆட்டக்காரன் குழந்தைக்கு வீடு கொடுத்துவிட்டு எங்கள் ஊர் வழக்கம் என்பாராம். அதனால் இரண்டு வழி. மோதிரத்தை நான் திருப்பி வாங்கிக்கொள்ளலாம், விஷயம் முடிந்தது. இல்லாவிட்டால் விலை போட்டுச் சாமுவின் சம்பளத்தில் சேர்க்க வேண்டும்.

டீம் ஆபீஸ் அம்மா உதட்டைப் பிதுக்கினார்கள். வரம்பில் இந்த வருஷம் ஒரு துளி இடம் இல்லையாம். புதிதாக வந்த பெரிய ஆட்டக்காரனோடு எல்லாம் நிரம்பிவிட்டது.

செந்தில் என் பக்கம் குனிந்தான். "வாங்கிக்கம்மா. சீசன் முடிஞ்சதும் மறுபடி குடுத்துக்கலாம்."

நிலா அதிகாரியிடம் திரும்பி அதையும் மொழிபெயர்த்தாள்.

"அடியே, இத ஏன் சொன்ன?"

"எல்லாத்தையும் சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்கப்பா!"

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. அப்போது மெரே குனிந்து குழந்தையின் மணிக்கட்டில் இருந்த முடிச்சைத் தேட ஆரம்பித்தாள். அவளுக்குப் புருஷன் வேலை பெரிது, இந்த ஊரில் இருப்பது பெரிது. நான் கோபித்துக்கொள்வேனோ என்றும் பயந்திருப்பாள். முடிச்சு சின்னது, அவிழவில்லை. தூக்கத்தில் குழந்தை கையை இழுத்துக்கொண்டது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நோ" என்றேன்.

என் சத்தம் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நிலா, கொழந்தை கையில வச்சத நான் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்லு. என்னா செஞ்சாலும் சரி."

நிலா சொன்னாள். அதிகாரி தலையை ஆட்டினார். அப்போதுதான் சாமு வாயைத் திறந்தான். டீம் ஆபீஸ் அம்மாவிடம் பூனைக் குரலில் நாலு வார்த்தை பேசினான். அந்த அம்மா அவனிடம் ஏதோ திருப்பிக் கேட்டார்கள். அவன் தலையை ஆட்டினான்.

"ஆயா, சாமு அங்கிள் மோதிரம் விலை எவ்வளவோ, அதை அவர் சம்பளத்துல கொறைச்சுக்கச் சொல்றார். அப்ப வரம்பு தாண்டாது. அவங்க ஊர்லயும் குடுத்ததை திரும்ப வாங்க மாட்டாங்களாம்."

அதிகாரி எழுதினார். சாமு கையெழுத்துப் போட்டான். போகும்போது அவ்வளவு பெரிய உடம்பை வளைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். நான் பழக்கதோஷத்தில் "எஸ், எஸ்" என்றேன்.

7

எல்லாரும் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். சாமு இருக்கிறான், மெரே இருக்கிறாள், மோதிரம் குழந்தை கையில் இருக்கிறது. எனக்கும் அன்று பொழுது சாய்கிற வரைக்கும் அப்படித்தான் இருந்தது. ஆறின காப்பியைக் கொட்டும்போதுதான் உறைத்தது. நான் கொடுத்த மோதிரத்தின் விலையைச் சாமு தன் சம்பளத்திலிருந்து விட்டுவிட்டான். அப்படியானால் அந்தக் குழந்தைக்கு நான் என்ன கொடுத்தேன்? அதன் அப்பன் காசில் அதற்கே மோதிரம் போட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டுக்காரரோடு மனசுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறேன். விதி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதி இல்லாவிட்டால் இந்தச் சின்ன ஊருக்கு டீம் இல்லை, சாமு இங்கே வந்திருக்க மாட்டான், மெரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருக்க மாட்டாள். அது எனக்குத் தெரிகிறது. ஆனால் ஆட்டக்காரனுக்குக் கொடுக்காத காசு எங்கே போகிறது? மைதானத்தில் புதிதாக மாடி கட்டுகிறார்கள், கண்ணாடி போட்டு. டிக்கெட் விலை குறைந்த மாதிரி தெரியவில்லை. எல்லாரும் பிழைக்கத்தான் விதி என்கிறார்கள். அந்த எல்லாரும் பிழைக்க ஒவ்வொரு தடவையும் மூன்றாவது ஆள்தானா விட்டுக்கொடுக்க வேண்டும்? அவர் பதில் சொல்வதில்லை. உயிரோடு இருந்தபோதும் இதற்குச் சொன்னதில்லை.

மாதையனிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்ப மோதிரம் போவல இல்ல?" என்று மட்டும் கேட்டான்.

"போவல. ஆனா..."

"போவல இல்ல? உடு" என்றான்.

போன சனிக்கிழமை மெரே என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் அதுவரைக்கும் போனதில்லை, கூட்டம் என்றால் எனக்குப் பயம். எதிர் டீம் பெரிய நகரத்து டீம். பணத்துக்குப் பஞ்சம் இல்லாத ஊர். ஆனாலும் அவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரே வரம்பு. அவர்கள் ஒரு தரம் முன்னால் போவார்கள், உடனே இவர்கள் முன்னால் போவார்கள். பக்கத்தில் இருந்த கிழவர் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். கடைசி வரைக்கும் ஒருவரும் எழுந்து போகவில்லை. சாமு ஒருவனைப் பிடித்தான் பாருங்கள், இடுப்பில் கை கொடுத்து, மாதையன் பிடிக்கிற மாதிரியே. நான் என்னை அறியாமல் "புடி, புடி, உடாத!" என்று கத்திவிட்டேன். மெரே என்னைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் ஊர்தான் ஜெயித்தது. மைதானமே எழுந்து நின்றது.

மெரே குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் கை தட்டினாள். அந்தச் சத்தத்திலும் குழந்தை கண்ணைத் திறந்து, கையை நீட்டி விளையாடிக்கொண்டிருந்தது. கறுப்புக் கயிற்றில் மோதிரம் வெயிலில் மின்னியது. அப்போது படம் பிடிக்கிற ஆள் ஒருவன் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிடித்தபடி எங்கள் வரிசைக்கு வந்துவிட்டான்.

எழுதி, விலை போட்டு, கழித்து, கையெழுத்துப் போட்டு முடிந்த மோதிரம்தான் அது. இனிமேல் யாரும் எதுவும் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேமரா எங்கள் பக்கம் திரும்பியதும் என் கை தானாகப் போய், முந்தானையை இழுத்துக் குழந்தையின் கையை மூடியது.

மெரே கை தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தன் கையையும் கொண்டுவந்து என் முந்தானைக்கு மேல் வைத்தாள். கேமரா எங்களைத் தாண்டிப் போய் அடுத்த வரிசைக்கு ஏறிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.